பெட்ரோல் வாசனைக்குச் சாம்பிராணி

திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவனை எந்த வாசனைக்கும் சாட்சியாக அழைக்காதீர்கள். அவன் பொய் சொல்ல மாட்டான். அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் காற்று மணலிப் பக்கமிருந்து அடித்தால் ஒரு வாசனை, எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தால் வேறொன்று, காசிமேட்டுப் பக்கமிருந்து அடித்தால் கருவாடு. மூன்றும் சேர்ந்து எனக்குப் பத்து வயது ஆவதற்குள் என் மூக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டன. (மூக்கு இப்போதும் இருக்கிறது. கண்ணாடி மாட்டிக்கொள்ள உதவுகிறது.) அப்படிப்பட்ட மூக்கை நம்பி நான் ஒரு காரியத்தில் இறங்கினேன். ஒன்பது வருடம் ஆகிறது. இன்றைக்கு நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் என் மாமியாரின் மூக்கு.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். பொன்மலரும் நானும் ஒரே கண்டெய்னர் கம்பெனியில் எதிரெதிர் மேஜையில் வேலை பார்த்துக் காதலித்தவர்கள். அவளுடைய ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அம்மா செல்வக்கனி அங்கே மளிகைக் கடை நடத்தி, தனியாளாக அவளை வளர்த்தவர். அத்தைக்கு என் மேல் பெரிய குறை ஒன்றும் இல்லை. நான் குடியிருக்கும் ஊரின் மேல்தான் குறை. முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது கொருக்குப்பேட்டையில் மூக்கில் வைத்த முந்தானையை, திரும்பிப் போய் எழும்பூரில் ரயில் ஏறிய பிறகுதான் எடுத்தாராம்.

ராயபுரத்து ஆஸ்பத்திரியில் பொன்மலருக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. நான் தொட்டிலைப் பார்த்து அசடு வழிந்துகொண்டிருந்தபோதே அத்தை பேச்சை எடுத்தார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்கிடாதிய. அந்த ஊர்க் காத்து பச்சப்புள்ளைக்கு ஆகாது. தாம்பரத்துல என் தங்கச்சி வீடு இருக்கு. மூணு மாசம் தாயும் புள்ளையும் அங்க இருக்கட்டும்."

திருவொற்றியூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் முழுச் சென்னையும் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி போய் என் மகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"நம்ம வூட்டுக்கே கூட்டிக்கினு போயிடறேன் அத்தை. வூட்டுக்கு வெள்ளை அடிச்சாச்சு. சொந்தமா கார்கூட வாங்கிட்டேன்."

(பதினோரு நாளுக்கு முன் வாங்கிய பழைய கார். ஆனாலும் சொந்தக் கார்.)

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. சனிக்கிழமை டிஸ்சார்ஜ். காரைக் கொண்டாங்க, பாப்போம். பச்சப்புள்ள உக்காருத மாதிரி இருந்துச்சுன்னா உங்க வீடு. இல்லன்னா தாம்பரம்."

இது நடந்தது புதன்கிழமை காலை. அன்று மத்தியானமே காரை நாசமாக்கினேன்.

டில்லி என்னுடைய பால்ய தோஸ்து. காசிமேட்டில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறான். அவனுக்கு லட்டு கொடுக்கப் போனேன். அவன் லட்டை வாயில் போட்டுக்கொண்டு, "படகுக்கு பெட்ரோல் வாங்கணும் மாமு. பைக்கு வேற மக்கர் பண்ணிக்கினு கீது. பேஜாரா பூடுச்சு" என்றான். புதிதாகக் கார் வாங்கியவனிடம் இப்படிச் சொல்லலாமா? "கார் இன்னாத்துக்கு கீது?" என்று கேனைப் பிடுங்கிக்கொண்டேன்.

இருபது லிட்டர் கேன். அதற்கு மூடி இல்லை. காசிமேட்டில் எந்தக் கேனுக்கும் மூடி இருந்து நான் பார்த்ததில்லை. பாலிதீன் கவரைச் சுருட்டி வாயில் திணித்து வலை நூலால் ஒரு கட்டு, அதுதான் மூடி. நிரப்பிய கேனை டிக்கியில் வைத்திருக்கலாம். நான் பின் சீட்டில் வைத்தேன். சும்மா வைக்கவில்லை, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன். சனிக்கிழமை என் மகள் அதே இடத்தில்தானே வரப்போகிறாள், ஓர் ஒத்திகை இருக்கட்டுமே என்று. கண்ணாடியில் கேனைப் பார்த்துச் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் போன கண்டெய்னர் லாரி திடீரென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். கேன் பெல்ட்டுக்கு அடியில் நழுவி, தலைகுப்புற விழுந்து, கவரைத் துப்பியது. நான் ஓரங்கட்டி இறங்கி அதை நிமிர்த்துவதற்குள் ஐந்தாறு லிட்டர் சீட்டுக்கும் தரைக்கும் போய்விட்டது. மிச்சத்தை டில்லியிடம் கொடுத்தபோது அவன் கேனை ஆட்டிப் பார்த்து, "பாதி வழில நீ குட்சியா?" என்றான்.

அதற்குப் பிறகு நான் செய்த வைத்தியங்களை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. முதலில் மல்லிகை வாசனை ஸ்ப்ரே ஒரு டப்பா முழுவதும் அடித்தேன். பிறகு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்தேன். எதிர்வீட்டு கஸ்தூரி அக்கா காபித் தூள் தூவச் சொன்னார், தூவினேன். என் சொந்தப் புத்தியில் பினாயிலும் ரசகற்பூர உருண்டையும் உதித்தன. (காபித் தூள் மேல் பினாயில் ஊற்றினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பின் சீட்டின் கீழே எருமைத் தொழுவம் மாதிரி ஒரு சேறு உண்டானது.) இதெல்லாம் போதாதென்று, போட்ட வாசனை வெளியே போய்விடக் கூடாதே என்று நாலு கண்ணாடியையும் இறுக்கமாக ஏற்றி, காரை வெயிலில் நிறுத்தினேன். பெட்ரோல் ஆவியை உள்ளே பூட்டி வைத்த மகா புத்திசாலி நான்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பரீட்சை வைத்தேன். என் மூக்கு கணக்கில் சேராது என்பதால் கஸ்தூரி அக்காவைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டினேன்.

அவர் இரண்டு தடவை உறிஞ்சிப் பார்த்தார். "ஒண்ணும் தெரில நைனா. நம்ம தெரு மாதிரிதான் கீது."

டில்லியும் தலையை உள்ளே விட்டான். "மீன் வாசனதான்டா வருது."

"அது நீடா."

"அப்போ வாசனையே இல்ல, வுடு."

இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. பினாயில் நெடி லேசாக என் மூக்குக்கே எட்டியது. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வெள்ளிக்கிழமை ஆனதால் தெருவில் வீட்டுக்கு வீடு சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். பளிச்சென்று யோசனை வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டினால் சாம்பிராணிதானே காட்டுகிறோம்? பச்சைப்புள்ளைக்கு ஆகாதது சாம்பிராணியில் என்ன இருக்கிறது? காருக்குள் ஒரு கால் மணி நேரம் புகையைப் போட்டு மூடி வைத்தால் அத்தையே கும்பிட்டுவிட்டு ஏறுவார்! கஸ்தூரி அக்காவிடம் தூபக்கால் வாங்கினேன். அவரும் நல்ல மனசோடு கூடுதலாக இரண்டு கங்கு போட்டு, விசிறியால் வீசிச் சிவக்க வைத்துக் கொடுத்தார். நான் அதை ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தேன். காரின் பின்கதவுப் பிடியில் கை வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பேத்தி வருவதற்கு முன்னால் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். இறங்கிய இடத்திலேயே அவர் மூக்கு விடைத்ததாம். முந்தானையை எடுத்து மூக்கில் வைக்கப்போனவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"மாப்ள! கைல என்னது?"

"சாம்பிராணி, அத்தை."

"காருக்குள்ள என்னது?"

"ஒண்ணுமில்ல அத்தை, கொஞ்சம் பெட்ரோல்..."

நான் வாக்கியத்தை முடிக்கவில்லை. அறுபது வயதுப் பெண்மணி அவ்வளவு வேகமாக ஓடி வருவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வரும் வழியில் கஸ்தூரி அக்கா வாசலில் வரிசையாக இருந்த தண்ணீர்க் குடங்களில் ஒன்றைத் தூக்கினார். தூபக்கால், கங்கு, நான், மூன்றும் ஒரே வீச்சில் நனைந்தோம். கங்கு உஸ்ஸென்று அணைந்தது.

"லாரித் தண்ணி ஆயா அது!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்த கஸ்தூரி அக்கா, என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கதவை மட்டும் திறந்திருந்தால்! நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. காலிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"அந்தப் பச்ச மண்ணு உங்க மொகத்த இன்னும் சரியாக்கூடப் பாக்கலயே மாப்ள" என்றார். குரல் உடைந்தது. நானும் அழுதேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அழுததால் தெருவில் யாருக்கும் தெரியாது என்று அன்று நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அழுகை ஓய்ந்ததும் அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மளிகைக் கடை முதலாளியாக மாறினார். ஒரு பக்கம் மண்ணெண்ணெய் பேரல், மறுபக்கம் அரிசி மூட்டை என்று முப்பது வருடம் கடை நடத்தியவர். அவர் கடை அரிசியில் எண்ணெய் வாசனை வருகிறது என்று ஒருத்தர் சொன்னது கிடையாதாம்.

"மொதல்ல நாலு கதவையும் தொறங்க. வாசத்துக்கு மேல வாசத்தக் கொட்டினா போயிருமா? ஊறுனத வெளிய எடுங்க."

டில்லி குற்றவாளி முகத்தோடு ஸ்பேனர் கொண்டுவந்து பின் சீட்டைக் கழற்றினான். தரையிலிருந்த ரப்பர் விரிப்பைப் பிய்த்தோம். அதற்கு அடியில் ஒரு பஞ்சு விரிப்பு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிழிந்தால் பெட்ரோல் சொட்டியது. இத்தனை நாள் நான் மல்லிகையும் எலுமிச்சையும் காட்டி மயக்கப் பார்த்தது இதைத்தான். அதையும் சீட்டின் பஞ்சையும் தூரப் போட்டோம். தகரத் தரையைச் சோப்புத் தூள் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவித் துடைத்து, மேலே ஆப்ப சோடாவைக் கோலப்பொடி மாதிரி தூவி, கதவெல்லாம் திறந்தபடியே காற்றாட விட்டோம். நல்லவேளையாகக் கடல் காற்று அடித்தது.

சனிக்கிழமை காலை சோடாவைத் துடைத்து எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கார் சுத்தமாகத்தான் இருந்தது. பின் சீட்டுதான் இல்லை. அத்தை இறங்கி வந்து தலையை உள்ளே விட்டார். அவர் மூச்சை இழுத்த ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நின்றது.

தலையை வெளியே எடுத்து, "வாசம் இருக்கு" என்றார்.

எனக்குத் தாம்பரம் போகும் மின்சார ரயில் கண்ணில் தெரிந்தது.

அவர் என் பக்கம் குனிந்து சட்டையை முகர்ந்தார். "காருல இல்ல. உங்க மேலதான். நேத்துலேர்ந்து குளிக்கலியோ?"

எனக்கு இருந்த நிம்மதியில் அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

"அப்போ குழந்தை எங்க வருது, அத்தை?"

"புள்ளையத் தாம்பரம் கூட்டிட்டுப் போயிரலாம் மாப்ள. அது பெரிய காரியமில்ல." ஒரு பெருமூச்சு விட்டார். "உங்கள யாரு பாத்துக்கிடுவா? அதனால புள்ளையும் உங்க வீட்டுக்கே வரட்டும், நானும் வாறேன். மூணு மாசம் இருந்து பாக்கேன்."

தாயும் குழந்தையும் அத்தையும் ஆட்டோவில் ஏறினார்கள். அதன் பின்னால், ஃபிளாஸ்க்கும் துணி மூட்டையும் தரையில் உருள, சீட்டில்லாத காரை ஓட்டிக்கொண்டு நான் ஊர்வலமாக வந்து சேர்ந்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் காரோட்டியது இல்லை.

அத்தை சொன்ன மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. ஊர்க் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, எங்கள் வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் தூபக்காலை எடுத்து வைப்பார், ஆனால் தீக்குச்சியைத் தொட மாட்டார். "ஏட்டி, ஒங்கப்பா எங்க இருக்காருன்னு பாத்துட்டு வா" என்று பேத்தியை அனுப்புவார். ஒன்பது வயது மகள் அறை அறையாகத் தேடி, கட்டிலில் படுத்திருக்கும் என்னைக் கண்டுபிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்:

"கட்டில்லதான் கீறாரு ஆச்சி! பத்த வையி!"

நான் படுத்தபடியே கையைத் தூக்கி, இருக்கிறேன் என்று காட்டுவேன்.