சம்பந்தியை ஈய லம்பத்துக்கு அழைத்துப் போனது

காஜா பெராங், மலாக்கா
வியாழக்கிழமை, 1934

என் அன்பு மச்சான் நாகூர் மீரான் அவர்களுக்கு, ஷரீஃபுதீன் சலாமுடன் எழுதிக்கொள்வது. அல்லாஹ் காவலில் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உடம்பைத் தவிர வேறெதுவும் நன்றாக இல்லை. மகள் ஹஸீனாவின் கல்யாணத்துக்கென்று கப்பல் சீட்டு எடுத்திருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் பார்த்துப் பேசிய சம்பந்தம்தான். மாப்பிள்ளையின் வாப்பா யூனுஸ் மரைக்காயர் வந்து என் வீட்டில் தங்கி, பெண்ணைப் பிடித்துப்போய், இனி நாள் குறிப்பதுதான் பாக்கி என்ற நிலையில் ஊரைச் சுற்றிக்காட்டச் சொன்னார். கோட்டையைக் காட்டினேன், கடற்கரையைக் காட்டினேன். கடல் நாகூரிலேயே இருக்கிறது, இங்கே மண்ணைக் கரைத்து ஈயம் எடுக்கிறார்களாமே, அந்த லம்பத்தைக் காட்டும் என்றார். ஜாசின் பக்கத்து லம்பத்தை வேடிக்கை பார்க்க இந்த ஊரில் ஒருவரும் போனதில்லை. ஆனாலும் சம்பந்தி கேட்டாரே என்று கம்போங் செட்டியில் வாடகைக் கார் ஓட்டும் பிச்சையை அமர்த்தினேன்.

பெயரைக் கேட்டதும் நம்ம ஊர் ஆள் என்று மகிழ்ந்த சம்பந்தி முன்சீட்டில் ஏறிக்கொண்டு தமிழில் பேச ஆரம்பித்தார். பிச்சை குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேச்சு, அவருக்குத் தமிழ் தெரியாது. பதில் வராததைத் திமிர் என்று எடுத்துக்கொண்ட சம்பந்தி, இவன் மாட்டுவண்டிக்குக்கூட லாயக்கில்லை என்றார். பின்சீட்டில் இருந்த நான் சண்டை வேண்டாமே என்று, உங்கள் ஓட்டத்தை ஐயா மெச்சுகிறார் என மலாயில் சொன்னேன். பிச்சை சந்தோஷப்பட்டு இன்னும் வேகமாக ஓட்டினார். சம்பந்தி பயந்துபோய் இன்னும் திட்டினார், நான் இன்னும் புகழ்ந்தேன், வண்டி இன்னும் பறந்தது. மச்சான், என்னால் நிறுத்தவே முடியவில்லை. கடைசியில் லம்பத்து வளைவில் வழுக்கி, ஈயம் கழுவி விட்ட சேற்றில் போய்ச் செருகி நின்றோம்.

கிழவர் கனம்தான் அமுக்குகிறது, இறக்கிவிடுங்கள் என்றார் பிச்சை. கீழே நின்று பார்த்தால்தான் லம்பம் முழுதாகத் தெரியுமாம் என்றேன் சம்பந்தியிடம். நம்பி இறங்கியவர், வெள்ளைக் கோட்டோடு இடுப்புவரை புதைந்தார். பிச்சை சிரித்துவிட்டார்.

அங்கே கணக்கெழுதும் கிராணி அண்ணாமலை ஓடி வந்து கைகொடுத்துத் தூக்கினார். இரண்டு பாஷையும் தெரிந்தவர், நல்ல மனிதர். அதுதான் வினையாகிவிட்டது. வழியெல்லாம் யார் என்ன சொன்னார் என்று இருவரும் அவர் மூலம் கேட்டுக்கொள்ள, ஒரு சொல் விடாமல் இவருக்கு அவருடையதையும் அவருக்கு இவருடையதையும் சொல்லி முடித்தார். இருவரும் சேர்ந்து திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

காரைச் சேற்றிலிருந்து தள்ளி ஏற்றி ஊர் திரும்பினோம். வாசலில் இறங்கியதும் சம்பந்தி சொன்னார்: “கார்ல ஒரு பேச்சுக்கே இத்தனை புரட்டு. இந்த வூட்டுல பொண்ணு எடுக்கலாமான்னு யோசிக்கணும் தம்பி.” அப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புக்கிட் பாருவில் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் தங்கை ரோஷன் பீவி என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஹஸீனா சாப்பிடுவதில்லை. என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. ஆகவே நீங்கள் வர வேண்டாம். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் துஆ. எங்களுக்காகவும் கொஞ்சம் துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மனம் நொந்த ஷரீஃபுதீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஹாரன் சத்தம். பிச்சை காரில் முன்சீட்டில் சம்பந்தி. நேற்றும் இன்றும் என்னை விட்டுவிட்டு இருவருமாக லம்பத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். கையைக் காட்டிப் பேசியே எல்லாம் புரிந்துவிட்டதாம். கல்யாணத்தை அடுத்த மாதமே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஒரே நிபந்தனை, முடியும்வரை பெண் வீட்டுக்காக நான் எதுவும் பேசக் கூடாது. ஆகவே மச்சான், பேசுவதற்கு நீங்கள் உடனே கப்பல் ஏறுங்கள். அந்த நிபந்தனையைச் சம்பந்தி சொல்லி முடிப்பதற்குள் ரோஷன் பீவி சம்மதித்துவிட்டாள்.