குன்னூரில் பொங்காத மாவு

குன்னூர்,
19-11-1958, புதன்கிழமை.

அன்புள்ள தம்பி லட்சுமணசாமிக்கு,

அக்காள் வெங்கடலட்சுமி எழுதுவது. இங்கே நானும், சமையலுக்கென்று என்னோடு மலையேறி வந்த சின்னாத்தாளும் உயிரோடு இருக்கிறோம். குளிர்காலத்தில் இதற்குமேல் விரிவாக நலம் சொல்வது பொய்யாகிவிடும். பீளமேட்டில் நீயும் பங்காரம்மாவும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் பம்புப் பட்டறையைப் பற்றி விசாரிக்கவில்லை. அது எப்போதும் சுகமாகத்தான் இருக்கும். அதன் சத்தத்தைக் கேட்பவர்களுக்குத்தான் கேடு.

இந்தக் கடிதத்தில் ஒரு தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகிறேன். அறுபத்திரண்டு வயதில் முதன்முறையாகச் செய்கிற காரியம் என்பதால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுமையாகப் படி.

ஆவணிக் கடைசியில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் மலை ரயில் கிளம்பும் நேரத்தில், வழியனுப்ப வந்த பத்துப் பேர் நடுவே நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அக்கா, மாவு பொங்காத ஊர்ல நம்ம சனம் இருக்க முடியாதுங்க. கார்த்திகைத் தீபத்துக்குள்ள நீங்களே திரும்பி வந்துபோடுவீங்க, பாருங்க" என்றாய். அத்தோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எல்லோரும் தலையாட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "தீபத்துக்குள் அந்த மலையில் பஞ்சு போல இட்லி வார்த்துச் சொல்லி அனுப்புகிறேன். முடியாவிட்டால் உன் வீட்டுப் பின்னறைக்கே வந்துவிடுகிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். உன் மனைவி அந்த நிமிஷமே, "அந்த ரூமுக்கு இப்பவே வெள்ளையடிச்சு வெச்சுடறேனுங்க வதினா" என்றாள். ரயில் நகர்ந்தது. என் வாய் மட்டும் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் பின்னறையை நான் ஏன் அஞ்சுகிறேன் என்று உனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் உன் லேத். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே ஒரு தாவர நூல் எழுத வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து முயல்கிறேன். பீளமேட்டில் இரண்டு வருடத்தில் ஓர் அத்தியாயம் முடிந்தது. அதிலும் பாதி வாக்கியங்கள் லேத் நிற்கும் உணவு இடைவேளையில் எழுதியவை. இங்கே பத்து வாரத்தில் ஐந்து. அந்த ஒன்றுக்காகத்தான் இந்த ஊரின் மற்ற எல்லாவற்றையும் சகித்துக்கொண்டேன்.

சகித்தவற்றையும் சொல்கிறேன். முதல் மழையிலேயே தேங்காய் எண்ணெய் மெழுகாகிவிட்டது. வெள்ளிக்கிழமை குளியலுக்குப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் ஒரு சத்தம்கூட வரவில்லை. கரண்டிக் காம்பால் குடைந்து எடுத்துத் தலையில் வைத்தால், அது உருகாமல் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. "சாமிக்குச் சந்தனக் காப்பு வெச்சாப்புல இருக்குதுங்க அம்மணி" என்றாள் சின்னாத்தாள், பக்தியோடு. ஞாயிறு துவைத்த புடவை வியாழன் வரை உலராமல் தொங்கியது, வெள்ளியன்று சாரல் வந்து அதை மறுபடியும் துவைத்தது. காலுறை போட்டால் செருப்பின் கட்டைவிரல் வளையத்துக்குள் கால் நுழையாது, செருப்பை மட்டும் போட்டால் கால் விறைக்கும் என்பதால், உறையின் நுனியைக் கத்தரித்துக் கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டிருக்கிறேன். இப்போது உடம்பு முழுக்கச் சுகம், கட்டைவிரலுக்கு மட்டும் குளிர்காய்ச்சல். பங்காரம்மா என் பெட்டியில் வைத்தனுப்பிய உன் கல்யாணக் கோட்டைப் புடவைமேல் மாட்டி, குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போகிறேன். அங்கே ரொட்டிக் கடை வைத்திருக்கும் ரசாக் நம் உக்கடத்துக்காரர். முதல் நாள் என்னை முதுகுப்புறமாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், பன்னு சூடா இருக்குதுங்க, உள்ள வாங்க" என்றார். திரும்பினேன். "ஐயோ, அம்மாவுங்களா! கோட்டு ஏமாத்திப்போட்டுதுங்க" என்று பதறி, இரண்டு பன்களைச் சும்மா கொடுத்தார். அன்று முதல் அந்தக் கடைக்குள் பின்பக்கமாகவே நடந்து போகலாமா என்று யோசித்து வருகிறேன்.

இனி மாவு. நொதித்தல் என்ற பாடத்தை முப்பது வருடம் நடத்தியவள் நான். சென்னையில் தாவர இயலில் எம்.ஏ. வாங்கியபோது, அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதற்காகவே பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஆனால் என் வீட்டு மாவு, சாயங்காலம் ஆட்டி வைத்த மட்டத்திலேயே, ஒரு குமிழிகூட இல்லாமல், மறுநாள் காலையில் என்னைப் பார்த்தது. நான் விடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, முறைப்படி ஆராய்ந்தேன். அரிசியை மாற்றினேன். உளுந்தைக் கூட்டினேன். வெந்தயம் சேர்த்தேன், உப்பைக் குறைத்தேன், ஆட்டுக்கல்லை வெந்நீரில் கழுவச் சொன்னேன், பாத்திரத்தை அடுப்போரம் வைத்துக் கம்பளி சுற்றச் சொன்னேன். சின்னாத்தாள் எல்லாவற்றுக்கும் "சரிங்க அம்மணி" என்றாள், எல்லாவற்றையும் செய்தாள். அடுப்படி அவளுடைய ஆட்சி. அங்கே நான் நுழைவதில்லை, என் புத்தக அலமாரியை அவள் தொடுவதில்லை என்பது எங்களுக்குள் பழைய ஒப்பந்தம். காலை ஆறு மணிக்கு அவள் பாத்திரத்தை என் மேசைக்குக் கொண்டு வருவாள். நான் வெப்பமானியை உள்ளே விட்டுக் குறித்துக்கொள்வேன். அறையின் சூட்டைவிட மாவின் சூடு தவறாமல் இரண்டு டிகிரி குறைந்தே இருந்தது. "இதற்கு விஞ்ஞானத்தில் விளக்கமில்லை" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு ரசாக்கிடம் சொன்னேன். "எங்க அடுப்புப் பக்கத்துல கல்லு வெச்சாக்கூடப் பொங்குமுங்க. மாவை ஒரு நாளைக்கு இங்க குடுத்து உடுங்கம்மா" என்றார். விடிந்ததும் சின்னாத்தாள் மாவைக் கூடையில் வைத்துத் துணி மூடிக் கொண்டுபோய் அவருடைய அடுப்போரம் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் நானே போனேன். ரசாக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ற ரொட்டி மாவு மூடியத் தள்ளிப்போட்டு வெளிய வந்துருச்சுங்க. பக்கத்துலயே இருந்த உங்க மாவு அசையவே இல்லீங்க. யாரு மேலயோ மனத்தாங்கல் போலிருக்குதுங்க அம்மா."

எல்லாவற்றுக்கும் மேல், நேற்று நம் சித்தப்பா மகன் வரதராஜுலு வந்து நின்றான். "நூல் வியாபாரமா வந்தேனுங்க அக்கா, அப்படியே உங்களையும் பாத்துப்போட்டுப் போலாம்னு" என்றான். குன்னூரில் விளைவது தேயிலை. நூல் வாங்க இங்கே யாரும் காத்திருக்கவில்லை. நீ அனுப்பிய உளவாளி என்று தெரிந்தும், வந்தவனைப் பசியோடு அனுப்பக்கூடாது என்று நான்கு இட்லிகளை வைத்தேன். அவன் ஒன்றைப் பிய்க்க முயன்றான். தட்டும் கூடவே வந்தது. இடது கையால் தட்டை அழுத்திக்கொண்டு வலது கையால் இழுத்தான். பிறகு நெடுநேரம் மென்றான். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நல்லா, உறுதியா இருக்குதுங்க அக்கா."

"இட்லியா?"

"இல்லீங்க, உங்க மனசு."

நான் காபி எடுக்கத் திரும்பியபோது ஓர் இட்லியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். இந்நேரம் அது உன் மேசைமேல் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே அவன் வாயால் கேட்பதைவிட என் கையெழுத்தாலேயே தெரிந்துகொள்: நீ சொன்னது சரி. வருகிற புதன்கிழமை தீபம். அதற்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமை காரை அனுப்பிவிடு. சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எனக்கில்லை என்பதை நீ எப்போதும் குறையாகத்தான் சொல்வாய். இந்த ஒரு முறை அது உனக்கு லாபம். தாவர நூல் ஆறாம் அத்தியாயத்தோடு நிற்கும். விதை வரை எழுதிவிட்டேன். அது எப்படி முளைக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். சின்னாத்தாளிடம் மூட்டை கட்டச் சொன்னேன். "நல்லதுங்க அம்மணி. இந்த ஊர்ல தண்ணி தொட்டாக் கை மரத்துப்போகுதுங்க" என்றாள். அவளாவது சந்தோஷப்படட்டும்.

பங்காரம்மாவுக்கு என் ஆசிகள். வெள்ளையடித்தது வீண் போகவில்லை என்று சொல். குழந்தைகள் நீண்ட ஆயுளோடும், முடிந்தால் குறைந்த சத்தத்தோடும் வளரட்டும். காரமடை ரங்கநாதர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். என் பக்கம் திரும்ப இந்த வருடம் அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது.

தோற்றுப்போன உன் அக்காள்,
வெங்கடலட்சுமி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. இந்தக் கடிதம் புதனன்றே தபாலுக்குப் போயிருக்க வேண்டும். கையெழுத்திட்டு உறையை எடுத்தால், ஈரத்தில் எல்லா உறைகளும் தாமாகவே ஒட்டிக்கொண்டிருந்தன. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரிக்கலாம் என்று, ஒப்பந்தத்தை மீறி அடுப்படிக்குள் போனேன். சின்னாத்தாள் அப்போதுதான் மாவை வைத்துக் கம்பளி சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பளிக்குள் மாவுப் பாத்திரம் இருந்தது. அது ஓர் அகலத் தட்டு நிறையப் பச்சைத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

"தண்ணீர் எதற்கு?" என்றேன்.

"நீங்கதானுங்க சொன்னீங்க."

"நானா? எப்போது?"

"நம்ம பாலுசாமி பொறந்த வருசமுங்க. சித்திரை வெயில்ல மாவு புளிச்சுப்போச்சுன்னு சத்தம் போட்டீங்களே? இனிமே ஒரு நாளும் மாவுச் சட்டியத் தண்ணித் தட்டுல வெக்காம நீ படுக்கக்கூடாதுன்னீங்க. அன்னைக்கிருந்து ஒரு நாள் தவறுனதில்லீங்க அம்மணி."

பாலுசாமி அவள் மகன். இப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது.

"ரசாக் கடையிலுமா?"

"அங்க சூடு ரொம்ப அதிகமுங்க. மாவு கெட்டுப்போயிருமோன்னு பயந்து, ரெண்டு தடவை போயித் தண்ணி மாத்திப்போட்டு வந்தேனுங்க."

"அடி, அது கோவை வெயிலுக்குச் சொன்னது!"

"நிறுத்தச் சொல்லலீங்களே. நீங்க படிச்சவங்க, காரணம் இருக்குமுன்னு இருந்தேனுங்க."

முப்பது வருடத்தில் எத்தனையோ மாணவிகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்தவள் இவள் ஒருத்திதான். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோடிட்ட வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டேன்.

புதனன்று தட்டை எடுத்துவிட்டோம். நேற்றுக் காலையில் மாவு அரை அங்குலம் எழும்பி யோசித்தது. நேற்று மறுபடி ஆட்டி வைத்தது இன்று மூடியைத் தள்ளிவிட்டு வெளியே வந்து கம்பளியையும் நனைத்திருக்கிறது. அது தீபம் வரை உலராது. இட்லி பஞ்சு. ரசாக்குக்கு ஆறு அனுப்பினேன், "இன்னும் ஆறு இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டு அனுப்பினார். ஏழாம் அத்தியாயத்தை இன்று மத்தியானம் தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை கார் வரட்டும். ஆனால் காலியாக வர வேண்டாம். நீயும் பங்காரம்மாவும் வரதராஜுலுவும் அதில் ஏறி வாருங்கள், பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள். அந்தப் பின்னறையில் உன் இரும்புச் சாமான்களைப் போட்டுக்கொள். எல்லாவற்றையும் புதிதாக எழுத விரல் வளையவில்லை என்பதால் இந்தக் கடிதத்தையே அனுப்புகிறேன். மேலே ஓரிடத்தில் "நீ சொன்னது சரி" என்று இருக்கும். அதை நீயே அடித்துவிட்டுப் படி.