பன்னிரண்டாம் கேள்வியின் லேபிள்

நார்த் ஹாலோ, மினசோட்டா
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

செயின்ட் பாலில் புள்ளிவிவர உத்தியோகம் பார்க்கும் மைத்துனன் லேலண்டுக்கு, அத்தான் ஆர்வின் டோலெஃப்சன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா டார்லீனும் சௌக்கியம். ஏரி உறைந்துவிட்டது, காரும் உறைந்துவிட்டது, மற்றபடி ஒரு குறையும் கிடையாது. உன் சௌக்கியத்துக்கும் இரண்டு வரி எழுது.

நிற்க. எங்கள் நகரசபையில் ப்ரெண்ட் என்று ஒரு மேதாவியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். முதுகலைப் பட்டம், கூர்மூக்கு ஷூ. ஐஸில் அந்த ஷூவோடு நடந்து மூன்று தரம் விழுந்தாச்சு, இன்னும் மாத்தலே. ஊர்ல வீட்டுக்கு ஒரு சர்வே தாள் அனுப்பினாங்களே, அதை ஒரு காலேஜ்ல கொடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தி, கோப்பாத் திரும்பி வந்ததாம். அந்தக் கோப்பைத் திறக்கிற மென்பொருள் இவனுக்குப் பழக்கமில்லே. துரை என்ன பண்ணினார், எக்ஸெலுக்கு மாத்திட்டார். மாத்தினதுல கேள்வியும் போச்சு, பதிலும் போச்சு, வீட்டுக்காரங்க பேரும் எது எதைப் பத்தின கேள்விங்கிற ஒரு வரிக் குறிப்பும் தவிர வெறும் நம்பர்தான் மிச்சம். கே1, கே2, கே12. கீழே ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஒன்பது. பெரிய நம்பர்னா பெரிய சந்தோஷம்னு அவனே முடிவு பண்ணிக்கிட்டு, சபையில எழுந்து நின்னு, "கே12, கர்லிங் கூடம் பத்தின கேள்வி. சராசரி ஒண்ணு புள்ளி மூணு. ஜனங்க இந்தக் கூடத்தை அடியோட வெறுக்கிறாங்க. ஏப்ரல்ல மூடிடலாம்"னு சொல்லிட்டான்.

என் கூடம், லேலண்ட்! ரிடையர் ஆனதுலேர்ந்து தண்ணி தெளிச்சு ஐஸ் போடுறது, ஐஸ் மேல வழுக்கி விட்டு ஆடுற கர்லிங் கல்லைத் துடைச்சு வைக்கிறது, குதிகாலை இழுத்து நடக்கிறவனைத் திட்டி வெளியே அனுப்புறது, காப்பி போடுறது, எல்லாம் நான். காப்பிக்காக என்னைச் சிரமப்படுத்தக் கூடாதுன்னு எல்லாரும் வீட்டுலேர்ந்தே ஃப்ளாஸ்க் கொண்டு வர்ற அளவுக்கு என் மேல மரியாதை. அதை மூடப் போறானாம்!

இதுல கூத்து என்னன்னா, அந்தத் தாளை நிரப்பினவங்க அத்தனை பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாங்க. ஒண்ணுன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் வாயைத் திறக்கணுமே! எங்க ஊர்க்காரன் தலையில மரமே விழுந்தாலும் "பரவாயில்லே, சின்ன மரம்தான்"னு சொல்ற ஜாதி. பையன் மனசு நோகுமாம். நான் தாளைப் படிக்கலே, அதையெல்லாம் உன் அக்கா பக்கம் தள்ளிடுவேன். "என்னடி எழுதின?"ன்னு கேட்டா, "நல்லதுதான் எழுதினேன், ஆர்வின்"னு சொல்லிட்டுப் பின்னலை எடுத்துக்கிட்டா.

அடுத்து குழந்தைகள் பத்தின கேள்வி வந்தது. ஓல்கா கிழவி வீட்டுல தொண்ணூத்தொன்பது குழந்தையாம்! பாலர் பள்ளிக்கு இடம் பார்க்கணும்னான் அந்த அறிவாளி. எண்பது தாண்டின கிழவி, ஒரு பூனை வெச்சிருக்கா. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டி உனக்கு போன் போட்டேன். "அத்தான், நம்பர் மட்டும்தான் வந்திருக்கு. கேள்வி விளக்கமும் விடை லேபிளும் மூலக் கோப்புலயே இருக்கும். அதைத் தனியா ஏற்றுமதி பண்ணச் சொல்லுங்க"ன்னியே, அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நேரே அவன் மேஜைக்குப் போனேன்.

"தம்பி, லேபிள் எங்கே?"

"நம்பர்தான் சார் டேட்டா. லேபிளெல்லாம் சும்மா அலங்காரம்."

"அப்படியா? உங்க வீட்டு மருந்து பாட்டில்ல லேபிளைக் கிழிச்சுட்டு ஒரு மூடி குடிச்சுக் காட்டு பார்க்கலாம்!"

முணுமுணுத்துக்கிட்டே எடுத்துக் கொடுத்தான். எதுக்கும் இருக்கட்டும்னு மூலக் கோப்பை உனக்கும் அனுப்பச் சொன்னேன். ஒண்ணுன்னா "முழுச் சம்மதம்." அஞ்சுன்னா "அறவே சம்மதமில்லை." தொண்ணூத்தொன்பதுன்னா "பதில் சொல்ல மறுத்தார்." கே12-க்கு விளக்கம்: "கர்லிங் கூடம் தொடர்ந்து நடக்க வேண்டும்." தலைகீழாப் படிச்சிருக்கான், படுபாவி!

நேத்து சபையில நானே எழுந்து, தொண்டையைக் கனைச்சு, அதை வாசிச்சேன். என்ன கைதட்டல்ங்கிறே! சிலபேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. மேயரம்மா மார்லிஸ், "பன்னிரண்டாம் கேள்வியில மக்கள் கேட்டதை அப்படியே நிறைவேத்தறோம்"னு தீர்மானம் போட்டாங்க. எதிர்த்து ஒரு கை தூக்கலே. முடிஞ்சதும் அந்தம்மா ஒரு பீரை என் கையில திணிச்சு, "ஆர்வின், நீங்களே வாசிச்சது ரொம்பப் பெரிய மனசு"ன்னாங்க. கேட்டியா கூத்தை? கர்லிங்ல ஜெயிச்சவன்தான் தோத்தவனுக்கு பீர் வாங்கித் தரணும். ஊருக்கு மேயர், இந்தச் சின்ன விதிகூடத் தெரியலே! சிரிச்சுக்கிட்டே குடிச்சேன்.

எல்லா நலமும் பெற்று, லேபிளோடு கூடிய நம்பர்களாகவே உன் வாழ்வில் வந்து சேர வாழ்த்தும்,
அத்தான்
ஆர்வின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் மின்னஞ்சல் வந்தது. உன் அக்கா அதை அச்செடுத்துக் கையில கொடுத்துட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா. ப்ரெண்ட் மாதிரி பழைய வடிவத்துல ஏற்றுமதி பண்ணினா நீளமான விளக்கம் பாதியில வெட்டுப்பட்டுடும், மூலக் கோப்புல இருக்கிற முழுசு இதுதான்னு எழுதியிருக்கே. படிச்சேன். "கர்லிங் கூடம் தொடர்ந்து நடக்க வேண்டும், ஆர்வின் டோலெஃப்சன் அதை நடத்தாமல் இருந்தால்." எங்க வீட்டுத் தாள்லயும் ஒண்ணுதான் போட்டிருக்காம், அடுக்களையிலேர்ந்தே சொன்னா. மேயரம்மாவுக்கு விதி தெரியலேன்னு மேலே எழுதியிருக்கேனே, அதை மட்டும் அடிச்சிடு, மச்சான். அந்தம்மாவுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.