பத்துக்குப் பத்து வாங்கிய சந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழைகள் இருக்கும், கையெழுத்தை என் மகளே திணறித்தான் படிப்பாள். ஆனால் வரிகள் கோணலாகப் போவதற்குக் காரணம் மேசை. அதன் கால் ஒன்று தண்ணீரில் ஊறி அழுகிவிட்டது. அது அழுகியதற்குக் காரணம் நான்.

சைகோனில், கான் ஹொய் ஆற்றோரத்தில் ஒரு சந்தில் எங்கள் வீடு. நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஓதம் ஏறினால், அது தள்ளுகிற ஆற்றுத் தண்ணீர் சாக்கடை வழியாக வீட்டுக்குள் வந்து நிற்கும். என் மனைவி செல்வி மோட்டார் வைத்த தையல் மெஷினைச் செங்கல் மேல் ஏற்றி, ஏற்றி, கடைசியில் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். (தலைக்கு மேல் மின்விசிறி. குனிந்தே தைப்பாள்.)

பத்து வருஷத்துக்கு முன்னால் வார்டில் ஒரு சேதி சொன்னார்கள். வருமானத்தைக் கேட்டால் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி தெரிகிறதாம். அதனால் மக்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கேட்கப்போகிறார்களாம். குறைவாகச் சொல்லும் சந்துக்கு முதலில் வடிகால் போட்டு, தரையை உயர்த்தித் தருவார்களாம்.

"ஏங்க, எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடாதீங்க," என்றாள் செல்வி. "தண்ணிய சொல்லுங்க. மெஷின சொல்லுங்க. ரெண்டுன்னு சொன்னா போதும்."

"சரி," என்றேன். கிடங்குக்குப் போகிற வழியெல்லாம் ரெண்டு, ரெண்டு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தூ டுக்கிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அன்று பௌர்ணமி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று, "சித்தப்பா," என்றாள். (இங்கே முன்பின் தெரியாத ஆளையும் வியட்நாமிய மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) "பூஜ்யம் என்றால் ரொம்ப மோசம். பத்து என்றால் இதைவிட நல்ல வாழ்க்கை இல்லை. உங்களுக்கு எத்தனை?"

அவளுக்குப் பின்னால் வார்டு ஆள் குடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் சந்தே நின்றது.

எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகும் இந்த ஊரில் தங்கிவிட்ட தமிழர் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். காகிதத்தோடு ஒருவர் வாசலுக்கு வந்தால், ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வேண்டும். என் அப்பா சாகக் கிடந்தபோது வந்த நர்ஸிடம்கூட அதையே சொன்னார். போதாததற்கு, வீட்டுக்கு வந்த பெண் தண்ணீரில் நிற்கிறாளே என்று எனக்கு வெட்கம். பள்ளியில் எந்த வாத்தியாரும் எனக்குப் பத்துக்குப் பத்து போட்டதுமில்லை.

"பத்து," என்றேன்.

என் செருப்பு ஒன்று மிதந்து அவள் காலில் போய் முட்டியது. அவள் அதை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நிச்சயமாகவா?" என்றாள்.

"பத்து," என்றேன் இன்னும் உரக்க. செல்வி ஸ்டூல் உச்சியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

அடுத்த வீட்டு மீன்காரம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்தியாக்காரனே பத்துன்னா நான் என்ன கெட்டுப்போயிட்டேன்? எனக்கும் பத்து போடு!" அதற்கப்புறம் யார் ஒன்பது சொல்வார்கள்? சந்து முழுக்கப் பத்து.

பக்கத்துச் சந்து மூன்று சொன்னது. அவர்களுக்கு வடிகால் வந்தது, தரை முழங்கால் உயரம் ஏறியது. அங்கே நின்ற தண்ணீரும் அதன்பிறகு எங்கள் பக்கம்தான். அந்த ஐப்பசி ஓதத்தில் மெஷின் மோட்டார் நனைந்து, புகைந்து, ஒரேயடியாக நின்றது. செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தூ டுக் பக்கம் ஒரு தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருட்டோடு பஸ் ஏறி, இருட்டோடு இறங்குகிறாள். இப்போது முழங்கால் மடங்குவதில்லை.

மறுவருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பெண் வந்தாள். "சித்தப்பா, வார்டிலேயே சந்தோஷமான சந்து உங்களுடையது," என்று சொல்லிவிட்டு, செங்கல் மேல் துணி மூடிக் கிடந்த மெஷினைப் பார்த்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என்னை டீ வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு செல்வியிடம், "போன மாசம் எத்தனை நாள் கட்டிலை உயர்த்தினீங்க? எத்தனை நாள் தூங்கினீங்க?" என்று கேட்டாளாம். டீ ஆறிப்போகும்வரை செல்வி பேசினாள். அத்தனையும் அவளுக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

நாட்டை நடத்துகிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் சந்தோஷத்தைக் கேட்பது நல்ல கேள்விதான். வருமானத்தை மட்டும் கேட்டிருந்தால் எங்கள் சந்தை யாரும் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கேட்கும்போது குடைக்காரரை மட்டும் வெளியே நிறுத்துங்கள். என் மாதிரி ஆள் சொன்னால் நம்பாதீர்கள். கால் எதில் நிற்கிறது என்று பாருங்கள்.

எங்கள் முறையும் வரும் என்று வார்டில் சொன்னார்கள். இன்னும் வரவில்லை.

செல்வி தையல் சாக்கட்டியால் சுவரில் பூஜ்யம் முதல் பத்து வரை கோடு போட்டு வைத்திருக்கிறாள். பத்து, மோட்டார் புகைந்த அன்று தண்ணீர் ஏறிய உயரம். ஓத நாளில் மகள் போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை. "அப்பா, இன்னிக்கு எவ்வளவு சந்தோஷம்?" என்கிறாள். நான் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். செல்வி அப்போது மட்டும் சிரிக்கிறாள்.

இப்போது ஆறு. ஏறிக்கொண்டிருக்கிறது.

24 அக்டோபர் 2018, பௌர்ணமி.