சிப்பிக்குடாவும் எட்டு ஆராய்ச்சியாளர்களும்

மனிதனின் வயிற்றுக்குள் குடியிருக்கும் பூச்சிகளைப் பற்றிய அறிவு இன்று இவ்வளவு உயரத்தில் நிற்கிறதென்றால், அதற்கு மூதூர்க் கரையோரம் உள்ள சிப்பிக்குடா என்ற எங்கள் கிராமமே காரணம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சங்கக்கடை மனேஜர். கூப்பன் வெட்டிக் கொடுக்கிறவனுக்குப் பெருமை எதற்கு? ஆனால் எழுபத்து நான்காம் ஆண்டு, ஊரே மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், கொழும்பிலிருந்து எட்டு மருத்துவ மாணவர்கள் இங்கே வந்து 'குழு ஆராய்ச்சி' செய்தார்கள். அவர்களுக்கு ஊர்த் 'தொடர்பாளராக' நியமனம் பெற்றவன் இந்த அலியார்தான். எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள். அதன் பெயரை உச்சரிக்கும் தகுதி எனக்கில்லை.

திருகோணமலையிலிருந்து லோஞ்ச் ஏறி, கொட்டியாரக் குடாவின் அலையில் எட்டுப் பேரும் ஒற்றுமையாக வாந்தி எடுத்து, வந்து சேர்ந்தார்கள். கூடவே ஒரு தராசு, பெட்டி பெட்டியாக மருந்துப் போத்தல்கள். அன்று பின்னேரமே பள்ளிக்கூட மண்டபத்தில் குழுத் தலைவர் கலீலுர் றஹ்மான் உரையாற்றினார்.

"தனி ஆள் எண்டால் பிழை விடுவார். குழு பிழை விடாது. ஏனெண்டால் ஒருத்தர் விடுற பிழையை மற்ற ஏழு பேரும் திருத்துவினம்."

நாங்கள் கை தட்டினோம். ஊரில் ஒருவர் பிழை விட்டால் மற்ற ஏழு பேர் சிரிப்பதைத்தான் அதுவரை பார்த்திருந்தோம்.

குழுவின் ஒழுங்கைப் பார்த்தால் கண்ணில் நீர் வரும். ஒருவர் பிள்ளையின் பெயரைக் கேட்பார். ஒருவர் பிள்ளையைப் பிடிப்பார். ஒருவர் கண் இமையை இழுத்துப் பார்ப்பார். குணமணி என்ற மாணவி தராசில் நிறை பார்ப்பார். சரீப் என்பவர் கணக்குப் போடுவார். தலைவர் தலைமை தாங்குவார். ஒருவருடைய பகுதிக்குள் மற்றவர் கால் வைக்கக் கூடாது. ஒருநாள் குணமணியிடம் நேரம் என்ன என்று கேட்டேன். கையில் அழகான கடிகாரம் கட்டியிருந்தார்.

"எண்ணிக்கை எல்லாம் சரீப்பின்ர பகுதி. அவரைக் கேளுங்கோ" என்றார்.

ஆராய்ச்சியின் நோக்கம் இதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு வயிறு முன்னால் வரும், முகம் வெளிறிக்கொண்டு போகும். என் மகள் அசனாவுக்கு ஆறு வயது. சோறு வைத்தால் எழுந்து போவாள். குசினிச் சுவரைச் சுரண்டி மண் தின்பாள். பூச்சி மருந்து பலன் தருகிறது என்று குழு நிரூபித்துவிட்டால், மாதா மாதம் அரசாங்கச் செலவில் மருந்தும், அதைக் கொடுக்க ஒரு நேர்ஸும் லோஞ்சில் வரும் என்று மேலிடம் வாக்களித்திருந்தது. கடையில் பிஸ்கட்டே கிடைக்காத அந்த நாளில் பூச்சி மருந்துக்கு எங்கே போவது? அந்த வாக்கைத்தான் நான் மலைபோல் நம்பியிருந்தேன்.

ஊரின் இரண்டு தெருக்களில், கிழக்கு ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு மருந்து என்றும், மேற்கு ஒழுங்கைக்கு இல்லை என்றும் குழு முடிவு செய்தது. என் வீடு மேற்கு ஒழுங்கை.

"அப்ப எங்கட புள்ளயளுக்கு மருந்து இல்லையா தம்பி?" என்று தலைவரைக் கேட்டேன்.

"இல்லை. நீங்கள் ஒப்பீட்டுக் குழு."

"ஒப்பீட்டுக் குழு எண்டா நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்டும் செய்யப்படாது. இப்ப இருக்கிற மாதிரியே நோயும் வருத்தமுமா இருக்கவேணும்."

நானும் பள்ளிவாசல் நிருவாக சபை, கூட்டுறவுச் சங்கம் என்று எத்தனையோ பதவி வகித்தவன். சும்மா இருப்பதற்கென்றே ஒரு பதவி கிடைத்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய் மனைவி உம்மு குல்சுமிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"வருத்தமா இருக்கிறத்துக்கு என்னத்துக்குக் கொழும்பால ஆக்கள் வரணும்? நாம முந்தியே அப்பிடித்தானே இருந்த?" என்றாள்.

விஞ்ஞானம் என்றால் அவளுக்கு என்ன தெரியும்!

மாணவர்கள் மாதம் ஒருமுறை வந்து இரண்டு ஒழுங்கைப் பிள்ளைகளையும் தராசில் ஏற்றி இறக்கினார்கள். மூன்றாம் மாதம் ஓர் அதிசயம் நடந்தது. அசனாவின் கன்னத்தில் நிறம் ஏறியது. சுவரை விட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் சும்மா இருந்ததற்கே இவ்வளவு பலன் என்றால், மருந்து குடித்தவர்கள் பயில்வானாக அல்லவா ஆகியிருப்பார்கள்!

"பயில்வானும் இல்ல, ஒண்டும் இல்ல" என்றாள் உம்மு குல்சும். "நஜ்முன் நிஸா வேலிக்கு மேலால அரைவாசி மருந்து தாற. அதத்தான் இவளுக்குக் குடுக்கிற."

நஜ்முன் நிஸா எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம், கிழக்கு ஒழுங்கைக்காரி. விசயம் இதுதான். எங்கள் பக்கத்தில் 'கொதி' என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளை எதையாவது உண்ணும்போது, இன்னொரு பிள்ளை அதை ஆசையோடு பார்த்துவிட்டால் கொதி பட்டுவிடும். உண்ட பிள்ளைக்கு வயிறு வலிக்கும். அதனால் பார்க்கிற பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு ஊட்டுவாள். இந்த மருந்தோ தோடம்பழ நிறம், தேன் போல இனிப்பு. வேலி ஓட்டைக்குள்ளால் அசனா வாயூறிக்கொண்டு பார்த்தால் அந்தத் தாய் என்ன செய்வாள்?

"வகுத்துப் பூச்சி மருந்தக் குடுத்து அவட மகனுக்கு வகுத்து வலிய வாங்கிறதா?" என்று கேட்டாள் உம்மு குல்சும். "நம்மட வீட்டுல மட்டுமில்ல. இந்த ஒழுங்கை முழுக்க அப்பிடித்தான்."

இரண்டு பக்கமும் குடித்தால் வித்தியாசம் எப்படித் தெரியும்? வாக்களித்த மருந்து வராமல் போய்விடுமே! ஓட்டமாக ஓடிப்போய்ப் பெயர் கேட்கிறவரிடம் சொன்னேன். மருந்து தன் பகுதி இல்லை என்றார். மருந்து கொடுப்பவரிடம் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் தன் பகுதி இல்லை என்றார். குணமணி தராசின் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் நிறை மட்டும்தான் பாக்கிறனான்" என்றார். சரீப் மட்டும் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

"இதை ஏன் இப்ப சொல்லுறீங்கள்? நான் கணக்கை முடிச்சிட்டனே!"

கடைசியில் அவசரக் கூட்டம் கூடியது. நானும் வாசலில் நின்று சாட்சியம் சொன்னேன். காரசாரமான விவாதத்தின் பின் வாக்கெடுப்பு. வேலிக்கு மேலால் மருந்து போனது என்று மூன்று பேர் கை உயர்த்தினார்கள். போகவில்லை என்று ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவரான குணமணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கூடிய கைகள் இருந்த பக்கம் தன் கையையும் உயர்த்தினார். ஆகவே பெரும்பான்மை வாக்குகளால் மருந்து போகவில்லை. ஜனநாயகம் இவ்வளவு ஆழமாக ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் இறங்கியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முடிவு வெளியானது. மருந்து குடித்த பிள்ளைகளுக்கும் குடிக்காத பிள்ளைகளுக்கும் நிறை ஒரேயளவாகக் கூடியிருக்கிறது. ஆகவே இந்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை. அப்படியானால் இரண்டு பக்கமும் நிறை ஏன் கூடியது? அதற்கும் குழு விடை வைத்திருந்தது. கடற்காற்று.

ஆராய்ச்சிக்குக் கொழும்பில் வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. எட்டுப் பேரும் அதைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. கிண்ணத்தைப் பிடிப்பதில் மட்டும் பகுதி பிரிக்கவில்லை. படத்தை வெட்டிச் சங்கக்கடைச் சுவரில் நான்தான் ஒட்டினேன். மேலிடமும் அறிக்கையை மதித்து, மாதாந்த மருந்தையும் நேர்ஸையும் ரத்துச் செய்தது. கடற்காற்றை மட்டும் பெரிய மனதோடு விட்டு வைத்தது.

அந்தக் காற்றை அள்ளி அள்ளிக் குடித்தும் அசனா மறுபடி வெளிறினாள். மறுபடி சுவரைச் சுரண்டினாள். பட்டணத்துக் கடைகளில் மருந்தைத் தேடி அலைந்தேன். கப்பல் வந்தால் வரும் என்றார்கள். இரண்டாம் வருசம் மாரியில் ஒருநாள், வாசலில் விளையாடிய பிள்ளை அப்படியே சரிந்து விழுந்தாள். தோளில் போட்டுக்கொண்டு லோஞ்ச் ஏறினேன். கடற்காற்று நன்றாகவே வீசியது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

பட்டணத்து ஆசுபத்திரியில் ஒரு இளம் டொக்டர் அசனாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். பார்த்ததும் சீறினார்.

"பிள்ளைக்கு உடம்பில ரத்தமே இல்லை! எல்லாம் பூச்சி குடிச்சிட்டுது. உடன ரத்தம் ஏத்தவேணும். என்ன தகப்பன் நீங்கள்? நேரத்துக்குப் பூச்சி மருந்து குடுத்திருந்தால் இப்பிடி வந்திருக்குமே?"

"அந்த மருந்தால பிரயோசனம் இல்லையாம் டொக்டர்."

"எந்த மடையன் சொன்னவன்?"

படித்தவர்கள் கேட்டால் சரியான பதில் சொல்ல வேண்டும். அது என் பழக்கம்.

"ஒரு ஆள் இல்ல டொக்டர். எட்டுப் பேர். சிப்பிக்குடாவுக்கு வந்தவங்க. நீங்களும் வந்தீங்க."

டொக்டர் குணமணி என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். முகம் அசனாவின் முகம் போலவே வெளிறியது.

"அது குழுவின்ர முடிவு. நான்... நான் நிறை மட்டும்தான் பாத்தனான்."

மூலையில் ஒரு தராசு நின்றது. மகளைத் தூக்கிக்கொண்டு போய் அதில் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஒங்கட பகுதியப் பாருங்க டொக்டர்" என்றேன்.