நீர்ச்சித்தர் பார்த்த பாட்டில்

மாநில எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடியில் திடீரென்று காலித் தண்ணீர் பாட்டிலுக்கு மவுசு கூடிவிட்டது. எல்லாம் நீர்ச்சித்தர் வந்த பிறகுதான். செக்போஸ்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்து, பக்தர்கள் கொண்டுவரும் சிறுநீரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். உடனே நோய் தெரிந்துவிடும். ஸ்கேன் எதற்கு, டாக்டர் எதற்கு?

வரிசையில் பாதிக்கு மேல் ஐம்பதைத் தாண்டிய கான்ட்ராக்ட் கூலிகள். பர்மனென்ட் ஆட்களுக்கு வருஷா வருஷம் கம்பெனியே உடம்பைப் பார்க்கும். மற்றவர்களுக்குச் சித்தர்தான் கம்பெனி டாக்டர்!

லோடு இறக்கும் ஆஞ்சப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. மூன்று மாதமாகச் சிறுநீர் முக்கி முனகித்தான் வந்தது. போன வாரம் அதில் ரத்தம். பயம் ஒரு பக்கம், வெளியே சொல்ல வெட்கம் ஒரு பக்கம். முடிவெட்டும்போது அவர் மூன்று தடவை எழுந்து ஓடியதைப் பார்த்துச் சலூன்காரர் பாக்கியராஜ்தான் என்னவென்று கேட்டார். ஆஞ்சப்பன் காதோடு காதாகச் சொன்னார்.

"அண்ணா, அது புராஸ்டேட்டா இருக்கும். மூத்திரப்பைக்குக் கீழ ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. ஞாயித்துக்கெழம நர்ஸ் அனிட்டா நம்ம கடைக்கே வந்து ரத்தம் எடுக்குது. காசு வேணாம்."

"ஊசி போட்டா ஆம்பளத்தனம் போயிடும்னு சித்தர் சொல்றாரே?"

"அவரு தாடிக்கு மாசாமாசம் மை அடிக்கிறவன் நானு. நரையவே நிறுத்தத் தெரியாத மனுசன்ணா அவரு!"

ஆஞ்சப்பன் சிரித்தார். வீட்டில் மனைவி முனிலட்சுமியிடமும் சொல்லிச் சிரித்தார். ஞாயிறன்று காலையில் சித்தர் கொட்டகைக்கே கிளம்பினார். ஊசி வலிக்கும், தாயத்து வலிக்காதே! முனிலட்சுமியும் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

சித்தர் பாட்டிலைத் தூக்கினார். கண்ணை மூடினார். (கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதற்கு வெயில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.)

"ஐயோ! ஆண்சுரப்பி பூசணிக்காயாட்டம் வீங்கிக் கீதே! செத்துப்போன ஒருத்தி உள்ள குந்தியிருக்கா. தாயத்து கட்டலேன்னா ஆண்மை அவுட்டு. ரெண்டாயிரத்து நூறு வையி."

ஆஞ்சப்பன் சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

"கொஞ்சம் இருய்யா," என்றாள் முனிலட்சுமி. "சாமி, நல்லாப் பாத்தீங்களா? ஆம்பள சுரப்பிதானா?"

"ஞானக்கண்ணு மேலயே சந்தேகமா, தாயி?"

"அதில்ல சாமி. அந்தப் பாட்டில்ல கீறது என்னோடது. காலைல நானே ரொப்புனேன். அது ஆம்பளைக்கு மட்டும் இருக்கிற சுரப்பியாமே, எனக்கு எப்ப சாமி முளைச்சுது?"

முதலில் ஒரு லாரி டிரைவர் சிரித்தார். பிறகு வரிசை மொத்தமும் சிரித்தது.

"பேய்... பேய் பாட்டிலை மாத்திருச்சு!" என்றார் சித்தர்.

"அந்தப் பேய் நாந்தான்!" என்றாள் முனிலட்சுமி.

அடுத்த அத்திப்பள்ளி பஸ்ஸில் ஞானக்கண்ணும் தாடியும் எல்லை தாண்டின.

ஆஞ்சப்பன் நேராகச் சலூனுக்குப் போய் அனிட்டாவிடம் கையை நீட்டினார். பின்னாலேயே பதினேழு பேர். ஆஞ்சப்பன் ரத்தத்தில் புராஸ்டேட் கோளாறைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்தது. அனிட்டா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆனால் வெளியே பரவவில்லை. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர். ஆஞ்சப்பன் முனிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சிகிச்சை முடிந்து வந்தவர் இப்போது லோடு இறக்கும் இடத்தில் வெட்கமில்லாமல் கூவுகிறார்: "அம்பது தாண்டுச்சா? போய் ரத்தத்தக் குட்றா!"

வரிசையில் நிற்பதற்குக் கால் இருந்தால் போதும். அந்த வரிசை எங்கே போகிறது என்று யோசிக்கத்தான், ஐயா, கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது!