முதலிடம் வாங்கிய குடல்

"என் குடலை விஞ்ஞானத்துக்குக் கொடுக்கிறேன்!" என்று லியோன் கன்டீனில் அறிவித்தபோது, பதினொரு பேர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

விஷயம் இதுதான். லியோன் கண்டியில் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கிளார்க். மனைவி டொரதி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, நாம் சாப்பிடுவதைப் பொறுத்து அவையும் நம் உடல்நலமும் மாறுகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கியவள். அவளைப் பற்றிப் பேசினாலே லியோனின் சட்டைப் பொத்தான்கள் தெறிக்கும்.

"எட்டு வாரம் குரக்கன் பிட்டு, கீரை, பருப்பு. இறைச்சி கூடாது, இனிப்பு கூடாது. முடியுமாங்க?" என்று கேழ்வரகு மாவை அளந்தபடி டொரதி கேட்டாள்.

"உன் ஆராய்ச்சியில முதலாவதா வரப்போறது உன் புருஷன்தான். பாத்துக்க."

"கடைசி நாள் இந்தப் போத்தல்ல உங்க மலத்துல கொஞ்சம் கொண்டுவரணும்."

"கொஞ்சம் என்ன, நிறையவே கொண்டு வாறேன்."

மூன்று நாள் தாக்குப்பிடித்தான். நான்காம் நாள் கந்தோருக்கு எதிரே இருக்கும் சதீஸ்குமார் கடை இறைச்சி ரோல்ஸின் வாசம் யன்னல் வழியாக வந்து அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போனது. அன்றிலிருந்து பத்து மணிக்கு இரண்டு. "சதீஸ், ஒன் கைப்பக்குவம் நாளுக்கு நாள் கூடுதப்பா!" என்று பாராட்டு வேறு.

எட்டாம் வாரம் வந்தது. கூடவே பயமும். வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் சாட்சிகள்! ஒன்றாவது உளறாதா? டொரதியின் ஆராய்ச்சி தன்னால் கெட்டால்? உண்மையைச் சொல்லிவிடலாம்தான். கன்டீனில் அத்தனை பேர் முன்னால் அறிவித்ததுதான் தடுத்தது.

பக்கத்து மேசைக்காரர் கறுப்பையா, கலகெதரயிலிருந்து பஸ்ஸில் வருபவர். கதிர்காமக் கந்தனுக்கு நேர்ந்துகொண்டு பத்து வருஷமாக மச்சம் மாமிசம் தொடாதவர். தினமும் குரக்கனும் கீரையும்தான்.

"அண்ணே, ஒரு உதவி."

"லீவு லெட்டர் எழுதணுமா தம்பி?"

லியோன் போத்தலைக் காட்டிக் காதில் சொன்னான். கறுப்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அது போத்தலாகவே இருந்தது.

"முப்பது வருஷ சர்விஸ்ல என்கிட்ட யாரும் இப்படி ஒண்ணு கேட்டதில்ல."

"நாட்டுக்காகண்ணே."

"சரி, காலையில வாங்கிக்க."

மூன்று மாதம் கழித்து, பேராதனையில் பெரிய மண்டபம். டொரதி மேடையில். திரை நிறையப் புள்ளிகள், ஆளுக்கு ஒன்று; எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒன்று.

"இவருடைய குடலில்தான் நல்ல நுண்ணுயிர்கள் இத்தனை வகை" என்றாள் அவள்.

லியோன் தன்னை மறந்து எழுந்தான். வயிற்றைத் தடவிக்கொண்டு நாலாபக்கமும் கும்பிட்டான். கைதட்டல் அவளுக்கு என்று தெரிந்ததும் உட்கார்ந்து எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினான். கண் கலங்கிவிட்டது. இவளையா ஏமாற்றினோம்?

வெளியே வந்ததும் ஆரம்பித்தான். "டொரதி, அந்த மேல் புள்ளி நான்..."

"நீங்க இல்லைங்க. கறுப்பையாண்ணன்."

லியோன் வயிற்றிலிருந்து கையை எடுத்தான்.

"நீங்க போத்தல் குடுத்த அன்னைக்கே எனக்குப் போன் எடுத்துச் சொல்லிட்டாரு. 'தங்கச்சி, அடுத்தவன் பேர்ல போறது கந்தனுக்கு ஆகாது'ன்னு. வருஷக்கணக்கா இதையே சாப்பிடுறவங்க வரிசையில முறையா அவரைச் சேத்துக்கிட்டோம்."

"அப்ப என் இடம்?"

"உங்களுக்கு ஏதுங்க இடம்? வீட்டு ஆளுங்களைச் சேர்க்கக் கூடாதுங்கிறது விதி."

"அப்புறம் எதுக்கு எட்டு வாரம் குரக்கன்?"

"கிளினிக்ல உங்களுக்கு ரத்தத்துல சீனி கூடுதுன்னாங்க. பொண்டாட்டி சொன்னாக் கேப்பீங்களா? ஆராய்ச்சின்னாக் கேப்பீங்க. இப்பச் சீனி இறங்கிருச்சில்ல?"

லியோனுக்குக் கோபம் வரவேண்டும். பெருமைதான் வந்தது. எப்பேர்ப்பட்ட மூளை! ஆனாலும் உள்ளூர ஒரு சின்னச் சிரிப்பு: ரோல்ஸ் விஷயம் இந்த மூளைக்கும் எட்டவில்லை.

டொரதி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். சதீஸ்குமார் கடை ரோல்ஸ், இரண்டு.

"சாப்பிடுங்க. உங்க சட்டையில ரோல்ஸ் தூள் ஒட்டியிருந்ததைப் பாத்து, அஞ்சாம் நாளே சதீஸ்கிட்டச் சொல்லிட்டேன். உங்களுக்கு மட்டும் குரக்கன் மா, உள்ள பலாப்பிஞ்சு, பொரிக்காம சுட்டது. பாவம், உங்க சொந்தப் போத்தலையே குடுத்திருந்தாலும் பாஸ் பண்ணியிருப்பீங்க."